வீட்டுக்குள் ஒரு டிஎன்எஸ் சர்வர்: ஏன், எப்படி

பிரவுசரில் ஒரு தளத்தின் பெயரைத் தட்டி என்டர் அழுத்துகிறீர்கள். பக்கம் வரத் தொடங்குவதற்கு முன்பே, கண்ணில் படாமல் ஒரு கேள்வி வெளியே போய்த் திரும்புகிறது: "இந்தப் பெயருக்கு ஐபி முகவரி என்ன?" கணினிகள் ஒன்றையொன்று எண்களால்தான் அறியும்; பெயர்கள் நமக்காக வைத்தவை. பெயரைக் கொடுத்து எண்ணை வாங்கும் ஏற்பாடுதான் டிஎன்எஸ். அதற்குப் பதில் வரும்வரை எழுத்து, படம், வீடியோ எதுவும் நகராது.

அந்தக் கேள்வி யாரிடம் போகிறது? நீங்கள் எதையும் மாற்றவில்லை என்றால், பெரும்பாலும் உங்களுக்கு இணைய இணைப்புத் தரும் நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வருக்கு. ரௌட்டரை மாட்டியதுமே அது தானாக அமைந்துவிடும். அந்த சர்வர் எண்ணைத் தேடித் தருகிறது. தேடியதைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்வதால், அதே பெயரை அடுத்த முறை கேட்டால் சட்டென்று சொல்லிவிடுகிறது. ஆனால் அதே சர்வரால் இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும்: எந்த வீட்டிலிருந்து, எத்தனை மணிக்கு, எந்தப் பெயரைக் கேட்டார்கள் என்பதை.

வேகம் ஒரு பக்கம், அந்தரங்கம் ஒரு பக்கம் என்று நாம் பிரித்துப் பேசுவதுண்டு. டிஎன்எஸ்ஸில் இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: அந்த நினைவு யார் கையில் இருக்கிறது? சொந்தமாக ஒரு டிஎன்எஸ் சர்வர் வைத்துக்கொள்வதென்றால், அந்த நினைவை வீட்டுக்குள் கொண்டுவருவது. அதற்குப் பெரிய கணினியோ பெரிய படிப்போ வேண்டாம். உள்ளே என்ன நடக்கிறது என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும்.

பெயர் எப்படி எண்ணாகிறது

இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவின் எஸ்ஆர்ஐ ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. மற்றவர்கள் அவ்வப்போது பிரதி எடுத்துக்கொள்வார்கள். புதிதாக ஒரு கணினியைச் சேர்க்க வேண்டுமானால் அவர்களிடம் சொல்லி எழுதச் செய்ய வேண்டும். கணினிகள் பெருகப் பெருக அந்த ஒற்றைக் கோப்பு தாக்குப்பிடிக்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வேறு வழி வகுத்தார். முழுப் பட்டியலை யாரும் வைத்திருக்க வேண்டாம்; ஒவ்வொருவரும் தன் பங்கை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதற்கு யாரைக் கேட்க வேண்டும் என்று கைகாட்டினால் போதும். 1987இல் திருத்தி வெளியிட்ட அதன் விதிகள்தான் இன்றைக்கும் அடிப்படை. பழைய கோப்பின் வாரிசு உங்கள் கணினியிலும் 'ஹோஸ்ட்ஸ்' என்ற பெயரில் இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

தெரியாத ஊரில் ஒரு வீட்டைத் தேடிப் போகிறோம் என்று வையுங்கள். முதலில் கேட்டவருக்கு வீடு தெரியாது, ஆனால் தெரு எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவார். தெருமுனையில் இருப்பவர் வரிசையைக் காட்டுவார். வரிசையில் இருப்பவர் கதவையே காட்டிவிடுவார். டிஎன்எஸ்ஸும் இப்படித்தான் கேட்டுக் கேட்டுப் போகிறது.

தமிழ் விக்கிப்பீடியாவை எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் 'டிஏ.விக்கிபீடியா.ஆர்க்'. இதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். கடைசியில், நாம் எழுதாமல் விட்டுவிடும் ஒரு புள்ளி இருக்கிறது. அதுதான் வேர், அதாவது ரூட். தேடுகிறவர் முதலில் ஒரு ரூட் சர்வரிடம் போகிறார். "முகவரி எனக்குத் தெரியாது. ஆர்க் என்று முடிபவற்றைக் கவனிப்பவர்கள் இவர்கள்" என்று அது கைகாட்டுகிறது. ஆர்க் சர்வர், "விக்கிபீடியாவின் கணக்கை வைத்திருப்பவர்கள் இவர்கள்" என்று அடுத்த கையைக் காட்டுகிறது. அந்தக் கடைசி சர்வர்தான் எண்ணைச் சொல்கிறது. அதற்கு அதிகாரபூர்வ சர்வர் என்று பெயர். இத்தனை வாசலையும் ஏறி இறங்கி நமக்காகப் பதில் வாங்கி வருபவருக்கு ரிசால்வர் என்று பெயர். நாம் வீட்டில் வைக்கப்போவது இந்த ரிசால்வரைத்தான்.

ரூட் சர்வர்களுக்கு ஏ முதல் எம் வரை 13 பெயர்கள். 12 அமைப்புகள் அவற்றை நடத்துகின்றன. ஏன் 13? அந்தக் காலத்து டிஎன்எஸ் பதில் ஒரு பொட்டலத்தில் 512 பைட்டுக்குள் அடங்க வேண்டியிருந்தது; அதற்குள் கொள்ளும் அளவு அவ்வளவுதான். 13 என்றதும் 13 இயந்திரங்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் உலகெங்கும் ஏராளமான பிரதிகள் ஓடுகின்றன. மொத்தம் ஆயிரத்துக்கும் மேல். உங்கள் கேள்வி உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் பிரதிக்குத்தான் பெரும்பாலும் போய்ச் சேரும்.

ஒவ்வொரு பதிலும் ஓர் ஆயுளோடு வருகிறது. அதற்கு டிடிஎல் என்று பெயர், நொடிக்கணக்கில் இருக்கும். "இந்தப் பதிலை 300 நொடி நம்பலாம், பிறகு மறுபடி கேள்" என்று பொருள். ஆர்க், காம் போன்றவற்றை யார் கவனிக்கிறார்கள் என்று ரூட் சொல்லும் பதிலின் ஆயுள் 1,72,800 நொடி, அதாவது இரண்டு நாள். ஆகவே ஒவ்வொரு முறையும் ரூட் வரை ஓட வேண்டியதில்லை. ஒருமுறை கேட்டு வைத்துக்கொண்டால் நெடுநேரம் வரும். இப்படிச் சேர்த்து வைக்கும் இடம்தான் கேஷ்.

வேகம்: எதை எதிர்பார்க்கலாம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டில் டிஎன்எஸ் சர்வர் வைத்தால் டவுன்லோடு வேகம் அதிகரிக்காது. வீடியோ இன்னும் தெளிவாகிவிடாது. மாறுவது, லிங்கைத் தொட்டதற்கும் பக்கம் அசையத் தொடங்குவதற்கும் இடையிலான அந்தச் சின்னத் தயக்கம். ஒரு பக்கம் என்பது ஒரு பெயரோடு முடிவதில்லை. எழுத்துருவுக்கு ஒரு பெயர், படங்களுக்கு ஒரு பெயர், கணக்கெடுப்புக்கு இரண்டு, விளம்பரத்துக்குப் பத்து என்று நீளும். ஒரு செய்தித் தளத்தைத் திறந்துவிட்டு என் சர்வரின் பதிவைப் பார்த்தபோது, ஒரே பக்கத்துக்காக முப்பதுக்கும் மேற்பட்ட பெயர்களைக் கேட்டிருந்தது. அத்தனை கேள்விகளும் வெளியே போய் வருவதற்குப் பதிலாக, பாதிக்கு மேல் அடுத்த அறையிலேயே பதில் கிடைத்தால் வித்தியாசம் தெரியத்தான் செய்யும்.

இதை நீங்களே அளந்து பார்க்கலாம். லினக்ஸிலும் மேக்கிலும் 'டிக்' என்றொரு சின்னக் கருவி இருக்கிறது. அதற்குப் பெயரைக் கொடுத்தால் பதிலோடு 'குவெரி டைம்' என்று எடுத்துக்கொண்ட நேரத்தையும் காட்டும். என் வீட்டு சர்வர் பெட்டியில் இதுவரை கேட்காத ஒரு பெயரை முதல்முறை கேட்டபோது 140 மில்லிசெகண்ட் காட்டியது. அடுத்த நொடியே மறுபடி கேட்டேன். 0 மில்லிசெகண்ட். அந்தப் பூஜ்யத்தை முதன்முதலில் பார்த்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சிக்காகவே இந்த வேலையைச் செய்யலாம் என்பேன்.

அந்த 140ஐயும் கவனியுங்கள். நிறுவனத்தின் சர்வருக்கு ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்கள் இருப்பதால், நீங்கள் கேட்பதை வேறு யாராவது ஏற்கனவே கேட்டிருப்பார்கள். அதன் கேஷ் எப்போதும் நிறைந்திருக்கும். உங்கள் வீட்டு சர்வருக்கு உங்கள் வீட்டார் கேட்டது மட்டும்தான் தெரியும். அதனால் புதிய தளங்களுக்கு முதல்முறை சற்றுத் தாமதமாகலாம். பெரிய தளங்கள் டிடிஎல்லை ஒரு நிமிடம், ஐந்து நிமிடம் என்று குறைவாக வைப்பதால் சேர்த்து வைத்ததும் சீக்கிரம் காலாவதியாகிவிடும். அன்பவுண்ட் என்ற ரிசால்வரில் இதற்கு நல்ல ஏற்பாடு ஒன்று உண்டு. 'ப்ரீஃபெட்ச்' என்பதை இயக்கிவிட்டால், ஒரு பதிலின் ஆயுளில் பத்தில் ஒரு பங்கு மட்டும் மிச்சமிருக்கும் நேரத்தில் யாராவது அதைக் கேட்டால், கையிலிருக்கும் பதிலைக் கொடுத்துவிட்டு, புதிய பதிலைப் பின்னணியில் வாங்கி வைத்துக்கொள்ளும். அடிக்கடி போகும் தளங்கள் எப்போதும் சூடாகவே இருக்கும்.

அதிகம் பேசப்படாத இன்னொரு லாபமும் இருக்கிறது. பெரிய தளங்கள் தங்கள் சர்வர்களை உலகெங்கும் பரப்பி வைத்து, கேட்பவர் எங்கிருக்கிறாரோ அதற்குப் பக்கத்தில் உள்ளதைக் காட்டும். ஆனால் அவர்கள் கண்ணுக்குத் தெரியும் 'கேட்பவர்' நீங்கள் அல்ல, உங்கள் ரிசால்வர். அது எங்கோ தொலைவில் இருந்தால் தொலைவில் உள்ள சர்வர் வந்து சேரலாம். ரிசால்வர் உங்கள் வீட்டிலேயே இருந்தால் கணக்குத் தப்பாது.

அந்தரங்கம்: எது மறையும், எது மறையாது

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். டிஎன்எஸ்ஸைக் கூகிளின் 8.8.8.8 என்றோ கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 என்றோ மாற்றிவிட்டால் இணைப்புத் தரும் நிறுவனத்துக்கு ஒன்றும் தெரியாது என்று நம்புகிறார்கள். பழைய முறை டிஎன்எஸ் கேள்வி 53ஆம் போர்ட்டில், அதாவது அந்தச் சேவைக்கென்று ஒதுக்கிய வாசல் எண்ணில், அப்பட்டமாகப் போகிறது. எந்தக் குறியாக்கமும் கிடையாது. உறை இல்லாத அஞ்சலட்டை மாதிரி. அது கூகிளுக்குப் போனாலும் கிளவுட்ஃபிளேருக்குப் போனாலும் உங்கள் நிறுவனத்தின் கம்பி வழியாகத்தான் போக வேண்டும். வழியில் இருப்பவர் படிக்கலாம். முன்பு உங்கள் கேள்விகளை அறிந்தவர் ஒருவர் என்றால், இப்போது இரண்டு பேர்.

இதற்கு வந்த தீர்வுதான் உறை போட்ட டிஎன்எஸ். 2016இல் டிஎன்எஸ் ஓவர் டிஎல்எஸ் வந்தது; 853ஆம் போர்ட்டில் ஓடும். 2018இல் டிஎன்எஸ் ஓவர் ஹெச்டிடிபிஎஸ் வந்தது. சாதாரண வலைப்பக்கங்களோடு கலந்து 443ஆம் போர்ட்டிலேயே போய்விடும். இவற்றைப் பயன்படுத்தினால் வழியில் இருப்பவருக்குக் கேள்வி தெரியாது. ஆனால் உறையைப் பிரிப்பவருக்கு, அதாவது மறுமுனையில் இருக்கும் நிறுவனத்துக்கு, உங்கள் மொத்தக் கேள்விகளும் தெரியும்.

வீட்டு சர்வரை இரண்டு விதமாக நடத்தலாம். ஒன்று, ரூட்டிலிருந்து தானே கேட்டுக் கேட்டுப் போகும் முழு ரிசால்வர். இன்னொன்று, கேஷை மட்டும் வீட்டில் வைத்துக்கொண்டு, இல்லாததை உறை போட்டு ஒரு வெளி ரிசால்வரிடம் அனுப்புவது. இதை ஃபார்வர்டிங் என்பார்கள்.

முதல் வழியில் உங்கள் கேள்விகள் முழுவதும் எந்த ஒரு ரிசால்வர் நிறுவனத்திடமும் சேர்வதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பல கைகளுக்குப் பிரிந்து போகிறது. 2016இல் வந்த 'கியூநேம் மினிமைசேஷன்' இதை இன்னும் இறுக்கியது. முன்பெல்லாம் ரூட்டிடம் போய் முழுப்பெயரையும் ஒப்பிப்பார்கள். ரூட்டுக்குத் தேவை 'ஆர்க்' என்ற ஒரு சொல்தான். இப்போது அவரவருக்குத் தேவையான துண்டை மட்டும் கேட்கிறது. இது மிக எளிய யோசனை. இவ்வளவு காலம் கழித்துத்தான் வந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. ஆனால் இந்தக் கேள்விகளுக்கு உறை கிடையாது. உங்கள் நிறுவனம் கம்பியில் காது வைத்தால் கேட்கும். இரண்டாவது வழியில் கம்பியில் கேட்காது, ஆனால் மறுமுனையில் ஒருவருக்கு எல்லாம் தெரியும்.

இந்த இரண்டில் எதை எடுப்பது? நான் முடிவெடுக்க உதவிய ஒரு சோதனையைச் சொல்கிறேன். 192.0.2.1 என்ற முகவரி ஆவணங்களில் எடுத்துக்காட்டாக எழுதுவதற்கென்றே ஒதுக்கப்பட்ட தொகுதியைச் சேர்ந்தது. அங்கே எந்தக் கணினியும் இருக்கக் கூடாது. டிக் கருவியில் அந்த முகவரியை டிஎன்எஸ் சர்வராகக் கொடுத்து ஏதாவது ஒரு பெயரைக் கேளுங்கள். காத்திருந்து காத்திருந்து, பதில் இல்லை என்று முடிய வேண்டும். அதுதான் சரி. மாறாகப் பதில் வந்துவிட்டால்? ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டியதற்கு உள்ளிருந்து குரல் வந்த மாதிரி. வழியில் யாரோ, உங்கள் ரௌட்டரோ நிறுவனமோ, 53ஆம் போர்ட்டில் போகும் எல்லாவற்றையும் மறித்துத் தானே பதில் சொல்கிறது என்று அர்த்தம். அப்படியிருந்தால் முழு ரிசால்வர் நடத்திப் பயனில்லை. உறை போட்டு அனுப்பும் வழிதான். பதில் வரவில்லை என்றால் முழு ரிசால்வரையே நான் பரிந்துரைப்பேன். இடையில் ஒரு நிறுவனத்தை நம்ப வேண்டிய தேவை அதில் குறைவு.

எந்த வழியில் போனாலும் சில விஷயங்கள் மறையாது. நீங்கள் எந்த ஐபி முகவரியோடு பேசுகிறீர்கள் என்பது நிறுவனத்துக்குத் தெரியும். பாதுகாப்பான இணைப்பைத் தொடங்கும்போது பிரவுசர் அனுப்பும் முதல் செய்தியில் தளத்தின் பெயர் பெரும்பாலும் வெளிப்படையாகவே இருக்கிறது. 'என்கிரிப்டட் கிளையன்ட் ஹலோ' என்ற ஏற்பாடு அதை மறைக்க வந்திருக்கிறது. ஆனால் எல்லாத் தளங்களிலும் இன்னும் இல்லை. வீட்டு டிஎன்எஸ் உங்களைக் கண்ணுக்குத் தெரியாதவராக மாற்றிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முழு ரிசால்வராக நடத்தினால், பெயர்ப் பட்டியல் முழுவதும் வெளியே ஒரு டிஎன்எஸ் நிறுவனத்திடம் வரிசையாகச் சேர்வதை அது தடுக்கிறது. அதுவே பெரிய விஷயம் என்பது என் கருத்து.

பதில் பொய்யாக இருந்தால் என்ன செய்வது என்பதும் முக்கியம். 2003 செப்டம்பரில், காம், நெட் பெயர்களைக் கவனிக்கும் வெரிசைன் நிறுவனம், இல்லாத பெயரை யார் கேட்டாலும் "இல்லை" என்று சொல்லாமல் தன் தேடல் பக்கத்துக்கு அனுப்பத் தொடங்கியது. கடும் எதிர்ப்பு எழுந்து, சில வாரங்களில் நிறுத்த வேண்டியதாயிற்று. 2008இல் டான் காமின்ஸ்கி, ரிசால்வரின் கேஷில் பொய்யான பதிலைத் திணிப்பது எவ்வளவு சுலபம் என்று காட்டினார். பதில்களில் கையெழுத்துப் போட்டு அனுப்பும் டிஎன்எஸ்செக் முறை இந்தத் திணிப்புக்கு எதிரான காவல். 2010 ஜூலையில் ரூட்டிலேயே அந்தக் கையெழுத்து வந்தது. உங்கள் சொந்த ரிசால்வர் கையெழுத்தைத் தானே சரிபார்க்கும். பொருந்தாவிட்டால் பதிலையே தராது. கையெழுத்துப் போடாத டொமைன்கள் இன்னும் நிறைய உண்டு. அங்கே இந்தக் காவல் கிடையாது.

அமைப்பது

எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் கணினி போதும். ராஸ்பெர்ரி பை தாராளம். மூலையில் கிடக்கும் பழைய லேப்டாப்பும் ஆகும். மென்பொருளில் மூன்று பெயர்களைத் தெரிந்துகொண்டால் போதும். அன்பவுண்ட் என்பது நெதர்லாந்தின் என்எல்நெட் லேப்ஸ் தரும் முழு ரிசால்வர். பை-ஹோல், அட்கார்ட் ஹோம் இரண்டும் விளம்பரப் பெயர்களைத் தடுக்கும் வடிகட்டியோடு, பிரவுசரிலேயே பார்த்து மாற்றக்கூடிய முகப்பும் தருகின்றன. பை-ஹோலை முன்னால் நிறுத்தி அன்பவுண்டைப் பின்னால் வைப்பது பலர் செய்யும் ஏற்பாடு. முதல்முறை செய்பவர்கள் அன்பவுண்டை மட்டும் நிறுவி, அது என்ன செய்கிறது என்று புரிந்துகொண்ட பிறகு மற்றதைச் சேர்ப்பது நல்லது.

முதலில் அந்தக் கணினிக்கு மாறாத முகவரி ஒன்றை ரௌட்டரில் ஒதுக்குங்கள். 192.168.1.10 என்று வைத்துக்கொள்வோம். லினக்ஸின் பேக்கேஜ் மேனேஜர் வழியாக அன்பவுண்டை நிறுவினால் அது தன் கணினிக்கு மட்டும் பதில் சொல்லும் நிலையில் இருக்கும். அமைப்புக் கோப்பில் இரண்டு வரிகள் சேர்க்க வேண்டும்: எந்த முகவரியில் காது கொடுக்க வேண்டும் என்று சொல்லும் 'இன்டர்ஃபேஸ்' வரி, யாருக்குப் பதில் சொல்லலாம் என்று சொல்லும் 'ஆக்சஸ்-கன்ட்ரோல்' வரி. இரண்டாவதில் உங்கள் வீட்டு வலையை மட்டும் அனுமதியுங்கள். எல்லோருக்கும் திறந்துவிட்டு, 53ஆம் போர்ட்டை வெளியுலகத்துக்கும் திறந்துவிட்டால், யாரோ ஒருவரைத் தாக்குவதற்கு உங்கள் சர்வரைக் கருவியாக்கிவிடுவார்கள். சின்னக் கேள்விக்குப் பெரிய பதில் தருவது டிஎன்எஸ்ஸின் இயல்பு. கேட்டவர் முகவரியைப் பொய்யாக எழுதினால் அந்தப் பெரிய பதில்கள் எல்லாம் பாவம் வேறொருவர் தலையில் போய் விழும்.

உபுண்டுவில் நிறுவியதும் "53ஆம் போர்ட் ஏற்கனவே பயன்பாட்டில் இருக்கிறது" என்று அன்பவுண்ட் முரண்டு பிடித்தால் பயப்பட வேண்டாம். 'சிஸ்டம்டி-ரிசால்வ்ட்' என்ற சேவை 127.0.0.53 என்ற முகவரியில் அங்கே உட்கார்ந்திருக்கும். அதன் அமைப்பில் 'டிஎன்எஸ் ஸ்டப் லிஸனர்' என்பதை அணைத்துவிட்டால் இடம் காலியாகும்.

பிறகு ரௌட்டரில், வீட்டுக் கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபி பகுதியில் டிஎன்எஸ் சர்வர் என்ற இடத்தில் 192.168.1.10 என்று கொடுங்கள். பக்கத்தில் 'இரண்டாவது டிஎன்எஸ்' என்று ஒரு பெட்டி இருக்கும். அங்கே பாதுகாப்புக்காக 8.8.8.8 என்று போட்டு வைக்கத் தோன்றும். போடாதீர்கள். முதலாவது விழுந்தால்தான் இரண்டாவது என்று கருவிகள் வரிசை பார்ப்பதில்லை. பல கருவிகள் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்கும். பாதிக் கேள்விகள் வெளியே போய்க்கொண்டிருக்கும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. பெட்டியைக் காலியாக விடுங்கள், அல்லது அங்கும் அதே எண்ணைக் கொடுங்கள்.

இன்னும் சில ஓட்டைகள். ரௌட்டர், ஐபி முகவரியின் புதிய வடிவமான ஐபிவி6 வழியாகவும் தனியாக ஒரு டிஎன்எஸ் முகவரியை அறிவிக்கலாம். ஆண்ட்ராய்டு 9 முதல் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்றொரு அமைப்பு இருக்கிறது. அதில் ஏதாவது பெயர் கொடுத்திருந்தால் போன் உங்கள் சர்வரைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பிரவுசர்களிலும் 'செக்யூர் டிஎன்எஸ்' என்ற பெயரில் இதே வேலை நடக்கும். ஒவ்வொன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கடிகாரம் செய்த வேலை

இரண்டு மாதம் கழற்றி வைத்திருந்த ராஸ்பெர்ரி பையை ஒருநாள் மறுபடி மாட்டினேன். பத்து நிமிடத்தில் தம்பி வந்து நின்றான். "அண்ணா, வைஃபை இருக்கு, ஆனா ஒண்ணுமே திறக்க மாட்டேங்குது."

எண்ணைக் கொடுத்துப் பார்த்தால் வெளியுலகம் எட்டுகிறது. பெயரைக் கொடுத்தால் எல்லாம் 'சர்வ்ஃபெயில்', அதாவது ரிசால்வரால் பதில் தர முடியவில்லை என்ற பிழை. ஒரு மணி நேரம் கேபிளையும் ரௌட்டரையும் சந்தேகப்பட்டேன். கடைசியில் எதேச்சையாகத் தேதியைப் பார்த்தேன். பெட்டி இரண்டு மாதம் பின்னால் இருந்தது. ராஸ்பெர்ரி பை 4 வரையிலான பலகைகளில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. கழற்றிய நாளில் எந்த நேரத்தைக் கடைசியாகச் சேமித்ததோ, அங்கிருந்தே தொடர்கிறது. டிஎன்எஸ்செக் கையெழுத்துகளுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. இரண்டு மாதம் பின்னால் நிற்கும் ஒருவருக்கு இன்றைய கையெழுத்துகள் எல்லாம் எதிர்காலத்தில் போட்டவை. செல்லாது என்று ஒதுக்கிவிடுகிறார். சரி, நேரத்தை இணையத்திலிருந்து திருத்திக்கொள்ளலாமே என்றால், நேரம் சொல்லும் சர்வரின் பெயருக்கு எண் வேண்டும். எண் வேண்டுமானால் டிஎன்எஸ் வேலை செய்ய வேண்டும். டிஎன்எஸ் வேலை செய்ய வேண்டுமானால் நேரம் சரியாக இருக்க வேண்டும்.

கையால் தேதியைத் திருத்தியதும் எல்லாம் உயிர்பெற்றது. அதன் பிறகு நேர சர்வரில் ஒன்றைப் பெயராக இல்லாமல் எண்ணாகவே எழுதி வைத்திருக்கிறேன். நீங்களும் முதல் நாளே செய்துவிடுங்கள்.

பதிவேடு

சர்வர் ஓடத் தொடங்கிய முதல் வாரம், அதில் வரும் கேள்விகளைப் பார்த்துக்கொண்டே இருப்பது ஒரு பைத்தியம் போலப் பிடித்துக்கொள்ளும். எனக்கும் பிடித்தது. யாரும் தொடாத டிவி நள்ளிரவில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தன் தயாரிப்பாளரின் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தது. டார்ச் லைட் ஆப் ஒன்று மூன்று விளம்பர நிறுவனங்களைக் கூப்பிட்டது. இதையெல்லாம் பார்த்துத்தான் வடிகட்டியைச் சேர்த்தேன். அது நன்றாகவே வேலை செய்கிறது. விளம்பரமும் உள்ளடக்கமும் ஒரே பெயரிலிருந்து வந்தால் மட்டும் அதனால் பிரிக்க முடியாது.

பிறகு ஒருநாள் அந்தப் பட்டியலில், ஒரு குறிப்பிட்ட நோய்க்கென்றே இருக்கும் தளத்தின் பெயரைப் பார்த்தேன். பக்கத்தில் எந்தப் போன் என்றும் இருந்தது. இரவு ஒன்றரை மணி. வீட்டில் அந்தப் போனுக்கு உரியவர் எங்களிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்வார். அதை நான் இப்படித் தெரிந்துகொண்டிருக்கக் கூடாது. வெளியே ஒரு நிறுவனத்தின் கையில் இருக்கக் கூடாது என்று எந்தப் பட்டியலுக்காகக் கவலைப்பட்டேனோ, அதே பட்டியலை என் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அன்றே பதிவை அணைத்தேன். அன்பவுண்ட் இயல்பாகவே கேள்விகளைப் பதிவு செய்வதில்லை. அதை அப்படியே விட்டால் போதும். பை-ஹோல் பதிவு செய்யும். அதன் அமைப்பில் அந்தரங்க நிலை என்று 0 முதல் 3 வரை இருக்கிறது. 0 எல்லாவற்றையும் காட்டும். 3இல் யார் கேட்டது, எதைக் கேட்டது என்ற இரண்டுமே மறைந்து எண்ணிக்கை மட்டும் மிஞ்சும். முதல் சில நாள் சரிபார்க்க 0இல் வைக்க நேர்ந்தால் வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டு வையுங்கள். முடிந்ததும் 3க்கு மாற்றி, பழைய பதிவுகளையும் அழித்துவிடுங்கள். கேஷ் நிற்கட்டும், அது பெயரையும் எண்ணையும் மட்டும் வைத்திருக்கும். யார் கேட்டது என்று அதற்குத் தெரியாது.

கடைசியாக ஒரு சின்ன வேலை. ரௌட்டரில் டிஎன்எஸ் முன்பு எப்படி இருந்தது, அதைப் பழையபடி மாற்ற எந்தப் பக்கத்தில் எதை அழுத்த வேண்டும் என்று ஒரு தாளில் தமிழில் தெளிவாக எழுதி அந்தப் பெட்டியிலேயே ஒட்டி வையுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் அது நின்றுபோனால், வீட்டில் இருப்பவர்கள் உங்களுக்குப் போன் செய்து காத்திருக்காமல் இரண்டே நிமிடத்தில் இணையத்தைத் திரும்பப் பெற வேண்டும்.